பேசும் படங்கள்

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு இந்நகரில் நடந்த கைவினைக் கண்காட்சிக்குச் சென்றார். நாமும் உடன் சென்றிருந்தோம். மண்பாண்டம், மரப்பொம்மை, கைத்தறிச் சேலை என ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த அச்சிறுமி, ஓவியச் சீலைகள் தொங்கிய கடை ஒன்றின்முன் நின்றுவிட்டாள். செக்கச்சிவந்த நிலத்தில் மஞ்சளும் நீலமும் பச்சையுமாக உருவங்கள் நெருங்கி நின்றன. ஓர் ஓவியத்தில் தாடி வைத்த முனிவர் ஒருவர் புலியின்மேல் அமர்ந்திருந்தார்.

“அப்பா, இவர் யார்?” என்றாள் சிறுமி.

“ஐயப்பன், கண்ணு” என்றார் தந்தை. புலியைக் கண்டதும் நமக்கும் வேறு எவரும் நினைவுக்கு வரவில்லை. ஆம் என்று தலையசைத்தோம்.

சிறுமி விடவில்லை. “ஐயப்பனுக்குத் தாடி ஏது? இவர் பக்கத்தில் தறி இருக்கிறதே?” என்றாள். நாம் இருவரும் அப்போதுதான் தறியைப் பார்த்தோம். தந்தையார் பேச்சை மாற்ற விரும்பிக் கடைக்காரரிடம் விலை கேட்டார். அவரும் விலையைச் சொன்னார். கேட்ட கேள்வி கேட்டபடியே நின்றது.

அருகில் நின்றிருந்த முதிய அம்மையார் ஒருவர் எம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார் போலும். அவர் முகம் மலர்ந்து, தெலுங்கில், “அவர் எங்கள் பாவன ருஷி, அம்மா” என்றார். பிறகு கையை நீட்டி ஓவியத்தின் மேல்மூலையிலிருந்து தொடங்கி, விரலால் சுட்டிச் சுட்டிக் கதை முழுவதும் சொன்னார். தெலுங்கைப் பள்ளியில் படிக்கும் அச்சிறுமி நம்மைவிட நன்றாகவே புரிந்துகொண்டாள். அவ்வளவு நேரமும் வண்ணத்துணியாக இருந்த பொருள், அந்த அம்மையாரின் விரல் பட்டபின் கதையாயிற்று.

இத்திங்கள் அவ்வோவியத்தைப் பற்றியே அன்பர்களோடு பேச விழைகின்றோம். இவ்வூரில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய கலை அது. அன்றியும், நம் வீட்டுக்கு அது சொல்லும் செய்தி ஒன்றும் உண்டு.

ஐதராபாத்துக்கு வடகிழக்கே, நூறு கிலோமீட்டருக்குட்பட்ட தொலைவில், சேரியால் என்னும் ஊர் இருக்கிறது. முன்பு வாரங்கல் மாவட்டத்தில் இருந்தது. 2016-ஆம் ஆண்டு மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபின் சித்திப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூரின் ஓவியர் மரபினரை நக்காஷிகள் என்பர். படம், வேலைப்பாடு எனப் பொருள்படும் ‘நக்ஷ்’ என்னும் சொல்லின் வழிவந்த பெயர் அது; பாரசீகமும் உருதும் தக்காணத்துக்குத் தந்த கொடை. நாமும் அச்சொல்லுக்குப் புதியவர் அல்லேம். பொற்கொல்லரின் நுண்ணிய வேலையை ‘நகாசு வேலை’ என்று நம் ஊர்களில் சொல்லுகிறோமே, அந்த நகாசும் இந்த நக்காஷும் ஒரு வேரில் தோன்றியவையே.

நக்காஷிகள் எழுதியது சுவரில் மாட்டும் படம் அன்று, நெடுஞ்சீலை. ஏறத்தாழ மூன்றடி அகலமும், நாற்பது அடிக்கு மேலும் செல்லும் நீளமும் உடைய சுருள் அது. முரட்டுப் பருத்தித் துணியை எடுத்து, அரிசிக்கஞ்சி, வெண்மண், புளியங்கொட்டைப் பசை, மரப்பிசின் ஆகியவற்றைக் கலந்து பலமுறை பூசி உலர்த்துவர். துணி பலகைபோல் இறுகும். ஆயினும் சுருட்டினால் வெடிக்காது. விளக்குக்கரியிலிருந்து கறுப்பு, சங்கும் சிப்பியும் அரைத்த பொடியிலிருந்து வெள்ளை, அவுரியிலிருந்து நீலம், ஒருவகைக் கல்லிலிருந்து மஞ்சள், இங்குலிகத்திலிருந்து சிவப்பு என வண்ணங்களைக் கண்டனர். நம் பழைய நூல்களிற் பயிலும் இங்குலிகம் என்னும் சொல் தெலுங்கிலும் அவ்வாறே வழங்குவது காண்க. அணில் மயிரால் கட்டிய தூரிகையே எழுதுகோல். இன்று பலர் கடையில் விற்கும் வண்ணங்களைக் கையாளுகின்றனர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

இச்சீலையை வேண்டிப் பெற்றவர் செல்வரும் அல்லர், அரசரும் அல்லர். ஊர் ஊராகச் சென்று கதை சொல்லிப் பிழைத்த கலைஞர்கள். ஓவியர் எழுதித் தர, கதைகூறுவோர் அதைத் தோளிற் சுமந்து சென்றனர். குறிப்பிட்ட ஊர்களில் கதை சொல்லும் உரிமை அவர்க்கு வழிவழியாக வந்தது. ஊர்ப்பொதுவிடத்தில் சீலையைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கட்டமாக அவிழ்த்து, கோலாலோ கையாலோ சுட்டிக்காட்டி, தாளமும் மத்தளமும் ஒலிக்கப் பாடியும் பேசியும் கதை நடத்துவர். ஓரிரவில் முடியாத கதை பல இரவுகள் தொடரும். கேட்ட மக்கள் நெல்லும் பொருளும் அளித்துப் போற்றுவர்.

இனி, அவ்வோவியத்தைப் படிக்கும் முறையைச் சிறிது காண்போம். படத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அதை அறியாதவர்க்கு அது வெறும் நெரிசலாகவே தோன்றும்.

முதற்கட்டத்தில் விநாயகர் இருப்பார். நம் நூல்களில் காப்புச் செய்யுள் நிற்கும் இடம் அது. அதன்பின் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். இரண்டு கட்டங்களுக்கிடையே பூவேலைக்கரை ஓடும். அது வரும்போது ஒரு நிகழ்ச்சி முடிந்தது என்று கொள்ளல் வேண்டும். ஒரே கட்டத்துக்குள் இரண்டு நிகழ்ச்சிகள் வந்தால், இடையே ஒரு மரமோ தூணோ நிற்கும். ஆதலின் அம்மரம் நிழலுக்காக எழுதப்பட்டதன்று. நாம் எழுத்தில் இடும் காற்புள்ளி போன்றது. ஒரே ஆள் ஒரு சீலையில் பல இடங்களில் வருவார்; அவர் பலர் அல்லர், ஒருவரே நடந்து செல்கிறார்.

நிலம் சிவப்பு. இரவில் சிறு விளக்கொளியில், தொலைவில் அமர்ந்தவர்க்கும் உருவம் எடுப்பாகத் தெரிவதற்கு அந்நிறம் உதவியிருக்கும் என்று தோன்றுகிறது. தலைமை மாந்தர் உருவிற் பெரியர்; ஏவலர் சிறியர். தொலைவில் இருப்பதால் ஒருவர் சிறியவராவதில்லை, கதையில் அவர்க்குள்ள இடத்தாலேயே பெருமையும் சிறுமையும் அமைகின்றன. முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் நோக்கும், கண்கள் அகன்றிருக்கும். யார் யாரோடு பேசுகிறார் என்பது அந்நோக்கினாலேயே விளங்கும். திருமாலும் இராமனும் கண்ணனும் நீலமேனியர். பெண்தெய்வங்கள் மஞ்சள் நிறத்தினர். குடிசையும், ஏற்றமும், கள்ளுமரமும், உலக்கை பிடித்த மகளிரும், உடுத்த உடையும் தெலங்காணச் சிற்றூரினவே. தேவலோகமே ஆனாலும் அது சேரியாலுக்கு அடுத்த ஊர்போலத்தான் இருக்கும். கேட்பவர் தம் தெருவைப் படத்தில் கண்டனர். ஆதலால் கதையும் தம்முடையதே என்று உணர்ந்தனர்.

எக்கதை என்று அன்பர்கள் கேட்கலாம். இராமாயண பாரதக் கதைகளும் உண்டு. முதிராஜ் மக்களுக்குப் பாண்டவர் கதையைக் காக்கிப்படகலவர் என்னும் கலைஞர் கூறினர். எனினும் இக்கலையின் உயிர்நிலை குலப்புராணங்களிலேயே இருக்கிறது. உழைத்துண்ணும் ஒவ்வொரு மக்கட்கூட்டமும் தன் தோற்றத்தையும் தன் தொழிலின் பெருமையையும் கூறும் ஒரு புராணத்தை உடைத்தாயிருந்தது. கள்ளிறக்கும் கௌடர்க்குக் கௌட புராணம். அதைக் கூறுவோர் கௌட ஜெட்டிகள். நெசவுத்தொழில் புரியும் பத்மசாலியர்க்கு மார்க்கண்டேய புராணம். அதைக் கூறுவோர் கூனப்புலிகள். தோற்றொழில் புரிந்த மாதிகர்க்கு ஜாம்ப புராணம். அதைக் கூறுவோர் டக்கலிகள்.

டக்கலிகளின் கதையை எண்ணும்போது நம் நெஞ்சம் நெகிழ்கின்றது. ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைக்கப்பட்ட மாதிகர்க்கும் தாழ்வாக வைக்கப்பட்டவர் டக்கலிகள். அவர் விரித்த சீலையோ, இவ்வுலகம் தோன்றுவதற்கு முன்னரே தோன்றியவர் ஆதி ஜாம்பவர் என்றும், அவர் வழிவந்தோரே மாதிகர் என்றும் கூறிற்று. பகலெல்லாம் இழிசொல் கேட்டவன் இரவில் அச்சீலையின்முன் அமர்ந்து, தன் முன்னோன் தேவர்க்கும் மூத்தவன் என்று கேட்டான். பெரிய கோயில்களின் சுவரில் அவன் கதைக்கு இடம் இல்லை. மூன்றடித் துணியில் இருந்தது. நாட்டுப்புறக் கலையை அழகுப்பொருள் என்று மட்டும் எண்ணுவோர் இதனைச் சற்றே நினைத்தல் வேண்டும்.

நாம் கண்காட்சியிற் கண்ட புலியேறிய முனிவர் கதையும் அத்தகையதே. தேவர்க்கு உடை வேண்டியிருந்தது. மார்க்கண்டேய முனிவர் வேள்வி வளர்க்க, அத்தீயில் பாவன ருஷி தோன்றினார். தாமரையின் நூலை எடுத்துத் தறியிலிட்டு அவர் தேவர்க்கு ஆடை நெய்து கொடுத்தார். பத்மம் என்பது தாமரை. அதனால் அவர் வழியினர் பத்மசாலியர் ஆயினர். நெய்வோரைச் சாலியர் என்று தமிழிலும் வழங்குகிறோம். புலி அவர்க்கு ஊர்தி. தறி அவர்க்கு அடையாளம். தறியைக் கண்டும் ஐயப்பன் என்று சொன்ன நாம், எழுத்தைக் கண்டும் படிக்கத் தெரியாதவராக அன்று நின்றோம்.

படத்தைச் சுட்டிக் கதை கூறும் வழக்கம் இந்நாட்டில் மிகப் பழையது. விசாகதத்தர் இயற்றிய முத்திராராட்சச நாடகத்தில், சாணக்கியரின் ஒற்றன் யமபடம் காட்டுவோனாக வேடம் புனைந்து வீடு வீடாகச் செல்கின்றான். இராசத்தானத்துப் போபாக்கள் பாபூஜியின் கதையெழுதிய சீலைமுன் விளக்கேந்திப் பாடுகின்றனர். வங்கத்துப் பட்டுவர் சுருளை அவிழ்த்துக்கொண்டே பாட்டிசைக்கின்றனர். கடல்கடந்த சாவகத்திலும் ‘வயாங் பேபர்’ என்னும் சுருளோவியக் கதை உண்டு.

நம் தமிழ்நாட்டுக்குச் சான்று வேண்டுமாயின் பரிபாடலைப் பார்க்கலாம். நப்பண்ணனார் பாடிய பத்தொன்பதாம் பாடலில், திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபம் வருகின்றது. குன்றுக்கு வந்த மக்கள் அங்குள்ள ஓவியங்களைப் பார்த்து, இவர் யார், இது என்ன என்று வினவுகின்றனர். உடன்வந்தோர், இவள் இரதி, இவன் காமன், இந்தப் பூனை இந்திரன், இவள் அகலிகை, இவர் கௌதமர் என்று சுட்டி விடை கூறுகின்றனர். கவனிக்க வேண்டுவது ஒன்று உண்டு: ஆங்கே கேட்டவர்க்கெல்லாம் விடை கிடைத்தது. பூனையைப் பூனை என்று சொல்லி நழுவியவர் எவரும் இலர். விலை கேட்டவரும் இலர்.

சேரியால் சீலைகள் ஏன் மௌனமாயின? 1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தது. தமிழும் தெலுங்கும் கலந்த படம் அது. அதை இயக்கிய எச். எம். ரெட்டியே மறு ஆண்டு, 1932-இல், தெலுங்கின் முதற் பேசும் படமாகிய ‘பக்த பிரகலாதா’வையும் அளித்தார். ‘பேசும் படம்’ என்று நம்மவர் வியந்து பெயரிட்டனர். ஆனால் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்னரே தெலங்காணத்து ஊர்களில் படங்கள் பேசிக்கொண்டிருந்தன. கொட்டகை வந்தது, பின்னர் வானொலி, தொலைக்காட்சி வந்தன. நெய்வோர் பிள்ளைகள் வேறு வேலைக்குச் சென்றனர். கதைகூறுவோர்க்கு நெல்லளப்பார் குறைந்தனர். அவர்கள் புதுச்சீலை கேட்டு வாராமையால் ஓவியர்க்கும் வேலை குறைந்தது. பழுதான பழஞ்சீலையை இறந்தவர்க்குச் செய்வதுபோலச் சடங்கு செய்து ஆற்றில் விடுவது அவர் மரபு. முன்பெல்லாம் ஒன்று ஆற்றிற் சென்றால் புதிதாக ஒன்று எழுதப்பட்டது. பிறகு, சென்றவை சென்றனவே.

முற்றும் அழிந்துவிடாமற் காத்தவர் சிலர் உண்டு. ஜகதீஷ் மித்தல், கமலா மித்தல் தம்பதியர் இந்நகரில் திரட்டிய கலைக்கூடத்தில் தெலங்காணத்துப் பழஞ்சீலைகள் இடம்பெற்றிருக்கின்றன. வைகுண்டம் நக்காஷ் முதலிய ஓவியர் விடாது தூரிகையைப் பற்றிநின்று தேசிய விருதும் பெற்றனர். நெடுஞ்சீலை வாங்குவார் இன்மையால் ஓரிரு கட்டங்களை மட்டும் சிறு படங்களாக எழுதி விற்கத் தொடங்கினர். தேங்காய்ச் சிரட்டையிலும், மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் சேர்த்த கலவையிலும் முகமூடிகள் செய்தனர். சேரியால் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று அது மணமக்களுக்குப் பரிசாகிறது. அலுவலகச் சுவர்களை அணிசெய்கிறது. ஓவியர் உலையில் அரிசி வேகிறது என்ற அளவில் நாம் மகிழ வேண்டியதே. ஆயினும் நாற்பதடிக் கதையில் ஓரடியைக் கத்தரித்துச் சுவரில் மாட்டினால், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று யார் சொல்வது? படம் பிழைத்தது, அதன் குரல் மெலிந்தது.

அன்பர்களே, இவ்வளவும் தெலங்காணத்துக் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட இயலாது. கண்காட்சியிலிருந்து வீடு திரும்பியதும் அச்சிறுமி தன் பாட்டியிடம் சென்று, “அந்த அம்மாவுக்கு அவர்கள் கதை தெரிகிறது, பாட்டி. நம் கதை எது?” என்று கேட்டாள். பாட்டி சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு எழுந்து பூசையறைக்குச் சென்று, அங்கே மாட்டியிருந்த படத்தைக் காட்டி, “இது யார், சொல் பார்க்கலாம்” என்றார்.

“நடராசர். காலைத் தூக்கி ஆடுகிறார்” என்றாள் சிறுமி.

அது நடராசர் படம் அன்று. பாட்டியின் அறுபதாம் கலியாணம் திருக்கடையூரில் நடந்தபோது வாங்கிவந்த காலசம்மார மூர்த்தியின் படம். இலிங்கத்தைத் தழுவிய பாலகனும், பாசக்கயிறு வீசிய எமனும், எமனை உதைத்த ஈசனும் அதில் இருந்தனர். பிறந்தநாள் தொட்டுப் பதினோராண்டுகள் அக்குழந்தை நாள்தோறும் அதன்முன் கைகூப்பியிருக்கிறாள். ஒருவரும் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, கேட்கலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. தறியைக் காணத் தவறிய தந்தையும், எமனைக் காணத் தவறிய மகளும் ஒரே வீட்டினர்.

அன்றிரவு பாட்டி விரலாற் சுட்டிக் கதை சொன்னார். அந்தப் பாலகன் பெயர் மார்க்கண்டேயன் என்றதும் சிறுமி துள்ளி எழுந்து, “புலி முனிவரின் கதையில் வேள்வி செய்தாரே, அவரா?” என்றாளாம். காவிரிக்கரையில் எமனை வென்ற பாலகனே, கோதாவரி நாட்டில் நெய்வோரின் முதல்வராக வீற்றிருக்கிறார். இதை நம் ஏட்டறிவு நமக்குச் சொல்லவில்லை. ஒரு பத்மசாலி அம்மையாரும் ஒரு தஞ்சை மாவட்டத்துப் பாட்டியும் ஒரே நாளில் ஒரு குழந்தைக்குச் சொன்னார்கள்.

ஊரைவிட்டு வந்த நாம் பலவற்றை மறவாமல் கொண்டுவந்தோம். வாசலிற் கோலம் இருக்கிறது. பெட்டியில் மரப்பாச்சி இருக்கிறது. புரட்டாசியில் கொலுப்படி ஏறுகிறது. பொருள்களைச் சுமந்து வருவது எளிது. சொல்லைச் சுமப்பது அரிது. ஊரிலாயின் கோயில் மதிலும், கதாகாலட்சேபமும், திண்ணைப் பேச்சும் நமக்காகச் சொல்லிவிடும். இங்கே வீட்டார் சொல்லாவிட்டால் வேறொருவர் சொல்லார்.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். வரும் நவராத்திரியில் கொலு வைக்கும் இல்லங்களில், சுண்டல் வழங்குவதற்கு முன்பு, வீட்டு மூத்தவர் ஒருவர் ஒரு கோலைக் கையில் எடுத்து, நாளுக்கு ஒரு பொம்மையாக ஒன்பது நாளும் கதை சொல்லட்டும். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் அக்கோலைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுங்கள். அதே நாள்களில் நம் அண்டை வீட்டு மகளிர் மலர்களை அடுக்கிப் பதுகம்மாவைச் சுற்றிப் பாடுவர், அவரையும் அழையுங்கள். அவர்கள் பாட்டின் பொருளை நம் பிள்ளைகள் கேட்கட்டும். நம் பொம்மைகளின் கதையை அவர்கள் பிள்ளைகள் கேட்கட்டும். கொலுவில் வைக்கச் சேரியால் பொம்மை ஒன்று வாங்க எண்ணுவோர், விலையைக் கேட்பதற்கு முன் அதன் கதையைக் கேளுங்கள். எழுதியவரே விற்பவராக இருந்தால் மகிழ்ந்து சொல்வார்.

நம் அன்பர் இப்போது அந்தப் புலி முனிவரின் ஓவியத்தை வாங்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். சென்ற வாரம் நாம் சென்றபோது, வந்திருந்த விருந்தினர் ஒருவர் அதைப் பார்த்து, “ஐயப்பனா?” என்றார். தந்தையார் வாய்திறக்குமுன், உள்ளேயிருந்து சிறுமி ஒரு அடிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.